இரண்டு வயதுக் கேள்விகள்

"பாப்பா ரெண்டு வார்த்தை சேத்துப் பேசுறாளா?" என்று நர்ஸ் கேட்டதும், கப்பல்காரன் கொஞ்சமும் யோசிக்காமல், "நல்லாப் பேசுவா சிஸ்டர், பாட்டே பாடுவா" என்றான். பந்தை உதைக்கிறாளா? உதைப்பாள். கையைப் பிடித்தால் படி ஏறுகிறாளா? பிடிக்காமலே ஏறுவாள். தானாகச் சாப்பிடுகிறாளா? கீழே மேலே சிந்தமாட்டாள். எடையும் உயரமும் பார்த்து முடித்திருந்த நர்ஸ், அந்தக் குழந்தைகள் கிளினிக்கின் மஞ்சள் தாளில் கட்டம் கட்டமாக டிக் போட்டுக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் எந்த வாத்தியாருக்கும் அவன் இவ்வளவு சரளமாகப் பதில் சொன்னதில்லை.

சொன்னதெல்லாம் போனில் பார்த்தது. கப்பலில் அவனுக்குச் சமையல் வேலை. எட்டு மாதக் குழந்தையை விட்டுப் போனவன், பதினாறு மாதம் கழித்து, ஆறு நாளைக்கு முன்புதான் வீடு திரும்பியிருந்தான். அங்கே இருபது பேருக்கு ஆக்கிப் போட்டுவிட்டு, பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபடி, மனைவி அனுப்பிய வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பான். போன் திரையில் அப்பாவுக்கு முத்தம் கொடுத்த மகராசி, நேரில் வந்து நின்றவனைக் கண்டதும் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அன்றிலிருந்து அவனிடம் ஒரு வார்த்தை இல்லை. "பழகிடுவா, விடுங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள். ஆசிரியையான அவளுக்கு இன்று தேர்வு மேற்பார்வை, லீவு கிடையாது. நானே கூட்டிப்போகிறேன் என்று வீம்பாக முன்வந்தது அவன்தான். அப்பன் என்று ஒரு வேலையாவது செய்ய ஆசைப்பட்டான்.

டாக்டரம்மா தாளைப் பார்த்தார், பிறகு குழந்தையைப் பார்த்தார். பொம்மை நாயைக் காட்டி இது என்ன என்று கேட்டார். பதில் இல்லை. பந்தை உருட்டிவிட்டார். கல்லுளிமங்கி காலைக்கூட அசைக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கும் திரும்பவில்லை. "அப்பாகிட்ட போடா கண்ணு" என்றபோது நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒடுங்கிக்கொண்டாள்.

"பேசிட்டிருந்தவ நிறுத்திட்டாளா? எத்தனை நாளா இப்படி?"

"ஒரு ஆறு நாளா."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "வந்த பேச்சு நின்னுபோச்சுன்னா சும்மா விடக் கூடாது சார். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதறேன். காது டெஸ்ட், தலை ஸ்கேன். மயக்க மருந்து குடுத்துத்தான் எடுப்பாங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான். ஆனால் கெடப்போவது இங்கே தவளை இல்லை, குழந்தை. மனைவியைக் கூப்பிடலாம் என்றால் தேர்வு முடிகிறவரை போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. ஒருவேளை நிஜமாகவே ஏதாவது இருந்தால்? அவனுக்கு எப்படித் தெரியும்? தன் குழந்தையைப் பற்றி இந்த அறையிலேயே கம்மியாகத் தெரிந்தவன் அவன்தான்.

"எழுதாதீங்க டாக்டர்" என்றான். "நான் ஊருக்கு வந்தே ஆறு நாள்தான் ஆகுது. டிக் போட்டதெல்லாம் வீடியோவுல பாத்துட்டுச் சொன்னேன். அவங்கம்மாகிட்ட பேசுறா. என்கிட்டதான் பேசமாட்டேங்கிறா."

திட்டு விழும் என்று நின்றான். டாக்டரம்மா பேனாவை மூடினார். "அப்ப நீங்க கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்க சார்."

கதவை நோக்கி மெதுவாகத்தான் நடந்தான். தெரியாத இடத்தில் அப்பா விட்டுவிட்டுப் போகிறாரே என்று ஒரு அழுகை வராதா என்று உள்ளுக்குள் ஏங்கினான். அழுதால் தூக்கிக்கொள்ளலாம். அவள் அழவில்லை.

வெளியே பெஞ்சு முழுக்க அம்மாக்கள். ஊசி போட்ட ஒரு கைக்குழந்தை விம்மிக்கொண்டிருந்தது. சுவரோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டான். முதலில் டாக்டரம்மாவின் குரல் மட்டும் கேட்டது. பிறகு, "நாய் தூங்குது" என்று ஒரு குரல். "ஷ்ஷ். நாய் தூங்குது." நர்ஸ் ஏதோ கேட்க, குரல் தொடர்ந்து பேசியது, எதற்கோ கலகலவென்று சிரித்தது. இரண்டு வார்த்தை என்ன, நாலு வார்த்தை சேர்த்தே பேசினாள். ஒன்றும் இல்லை, குழந்தைக்கு ஒன்றுமே இல்லை. அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அழுகையும் தாங்கவில்லை. எதிரே இருந்த ஒரு அம்மா சட்டென்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

நர்ஸ் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "எல்லாம் நல்லா இருக்கு சார். உள்ள வாங்க."

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் சிஸ்டர்" என்றான் தணிந்த குரலில். "கதவை மட்டும் மூடாதீங்க."

அவள் கதவைப் பாதி திறந்தபடியே விட்டுவிட்டு உள்ளே போனாள். அவன் நிழல் வாசலுக்குள் விழாதபடி ஓரடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டான்.