பத்து நிமிஷச் சிமெண்ட்

இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும்படி ஊசி போட்டு அறுவை செய்ததுதான் வினையாகிப் போனது. மருது முழித்துக்கொண்டு கிடந்தான். முட்டிக்குக் கீழே உள்ளே அமுங்கிப்போன எலும்பைத் தூக்கி நிறுத்தி, தகடும் திருகும் வைத்து, நடுவே இருந்த பள்ளத்தை நிரப்பப் போனபோது டாக்டர் கிரிதர் சிமெண்ட் என்று சொன்னது அவன் காதில் விழுந்துவிட்டது. கொத்தனார் ஆயிற்றே, சும்மா இருப்பானா? என்ன கலவை, எத்தனைக்கு எத்தனை என்று படுத்தபடியே கேட்டான். டாக்டர் சிரித்துக்கொண்டே, பத்து நிமிஷத்தில் இறுகிவிடும் என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் அவன் பெண்டாட்டி கனகாவின் உயிரை வாங்கியது. மறுநாள் வார்டுக்கு வந்த டாக்டர், இது வீடு கட்டுகிற சிமெண்ட் இல்லை, எலும்பில் இருக்கிற அதே கால்சியம்தான், நாளாவட்டத்தில் உங்கள் எலும்பே இதைக் கரைத்துவிட்டுத் தானே அந்த இடத்தில் வளர்ந்துகொள்ளும் என்று பொறுமையாகத்தான் சொன்னார். தட்டில் மிஞ்சி இறுகியிருந்ததை, ஒரு ரூபாய்க் காசு அளவு வெள்ளை வில்லை, நீங்களே பாருங்கள் என்று ஒரு கவரில் போட்டுக் கையில் கொடுத்தார். மருது அதை நகத்தால் சுரண்டினான். மேலே கெட்டியாகத்தான் இருக்கும், உள்ளே இன்னும் இறுகாத பச்சை என்று தீர்ப்புச் சொல்லி மூடிவிட்டான்.

சமயநல்லூர் வீட்டுக்கு வந்த பிறகு காலைப் பலகை மாதிரி நீட்டிப் போட்டவன் போட்டவன்தான். இருபத்தோரு நாள் தண்ணீர் காட்டாத கலவையை நம்பிக் கால் வைக்கக் கூடாதாம். அதற்காகக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். உள்ளே இருக்கும் சிமெண்டுக்கு ஈரம் போக வேண்டுமாம். ராப்பகலாகக் கொல்லைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனது யார்? கனகாதான்.

அவன் பயத்தையும் குற்றம் சொல்ல முடியாது. வண்டியூர்ப் பக்கம் ஒரு வீடு. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று சன்ஷேடுக்கு அடியில் கொடுத்திருந்த முட்டுக்கம்புகளைக் கான்கிரீட் இறுகும் முன்பே மேஸ்திரி பிரித்துவிட்டான். பூச ஏறிய மருதுவோடு சன்ஷேடும் சேர்ந்து கீழே வந்தது. கலவைச் சட்டியோடு கீழே நின்ற கனகா அந்தச் சத்தத்தை இன்னும் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் ஒரு நாள் காலை, ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் மைத்ரேயி முட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. "அண்ணே, இந்த மாசம் மடக்காம விட்டீங்கன்னா முட்டி இப்டியே இறுகிப்போகும். பெறகு சாரத்துல ஏறவே முடியாது. சம்மணம் போட்டு ஒக்காரக்கூட முடியாது." மருது தலையாட்டினான். ஆனால் காலை ஆட்டவில்லை.

ஆட்டோவில் திரும்பி வரும்போது கனகா அவன் நீட்டிய காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கிய மனுஷன் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்தே காலத்தைத் தள்ளுவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அழுகை வந்தது. கூடவே நல்ல கோபமும் வந்தது.

வீட்டில் இருந்த இரும்புக் கட்டிலுக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து அண்டக்கொடுத்திருந்தார்கள். மருது வாக்கரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போன நேரம் பார்த்து, அவள் அட்டையை உருவிவிட்டு மாடத்தில் கிடந்த வெள்ளை வில்லையை அந்த இடத்தில் வைத்தாள். அவன் வந்து சாப்பிட்டான், படுத்தான், புரண்டு புரண்டு தூங்கினான். பொழுது சாயக் காப்பியை நீட்டியபோதுதான் சொன்னாள்.

"தலமாட்டுக் காலுக்குக் கீழ என்ன இருக்குன்னு பாருங்க."

குனிந்து பார்த்தவன் முகம் மாறியது. "எம்புட்டு நேரமா இருக்கு?"

"மத்தியானத்துலருந்து. நானும் ஏறி ஒக்காந்துதான் கீரை ஆஞ்சேன்."

எடுக்கச் சொன்னான். எடுத்துக் கொடுத்தாள். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவினான், காதருகே வைத்துத் தட்டினான். ஒன்றும் இல்லை. "அந்த சன்ஷேடும் கெட்டியாத்தான் தெரிஞ்சுச்சு" என்றான்.

"ஒங்களுக்கு ஒண்ணும் கெட்டியாத் தெரியல. பச்சையா இருக்குன்னு அன்னைக்கு என்கிட்ட சொல்லிட்டுத்தான் ஏறுனீக. பச்சைன்னு தெரிஞ்சும் மேஸ்திரி சொன்னாருன்னு ஏறுன மனுஷன், இறுகிருச்சுன்னு கையில வச்சுக்கிட்டே ஏன் பயப்படணும்?"

மருது கட்டில் ஓரத்துக்கு நகர்ந்தான். நீட்டிய கால் அந்தரத்தில் நின்றது. கனகா தரையில் உட்கார்ந்து அவன் குதிகாலை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டாள். கொஞ்சம் இறக்கினாள். அவன் பல்லைக் கடித்தான். நெற்றியில் வேர்த்தது. இன்னும் கொஞ்சம் இறக்கினாள்.

"கைய எடு" என்றான். வேலை நடக்கும் இடத்தில் முட்டுக்கம்பைப் பிரிக்கச் சொல்லும் அதே குரல்.

அவளுக்கு மனசு வரவில்லை. பிறகு எடுத்துவிட்டாள். கால் மெதுவாக, தானாக இறங்கியது. முட்டி பாதிதான் மடங்கியது. உள்ளே எதுவும் நொறுங்கவில்லை. கனகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், அவன் பார்த்தால் பார்க்கட்டும் என்று.

மருது வலியில் கண்ணை மூடிக்கொண்டே கையில் இருந்த வில்லையை அவளிடம் நீட்டினான்.

"இத பழைய எடத்துலயே வையி. கட்டில் ஆடுது."