தொடக்கூடாத ஆட்டம்

மக்கீன் மாஸ்டரிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு திரும்பினால் பதில் தயாராக இருக்கும் என்று சாய்ந்தமருதில் சொல்வார்கள். பேச்சு அவருக்கு அவ்வளவு பாரம். வாரத்தில் ஒரு மணித்தியாலம்தான் அவருக்குச் சொர்க்கம்: வியாழக்கிழமைப் பின்னேர விளையாட்டு நேரம். மைதானத்து ஓரத்தில் நின்று பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். யாரும் அவரிடம் எதுவும் கேட்கமாட்டார்கள்.

அந்த ஒரு மணித்தியாலத்துக்குத்தான் ஆபத்து வந்தது. ஒரே பள்ளித் தவணையில் சடுகுடு ஆடி மூன்று பேருக்குக் கை முறிந்தது. மூன்றாவது கை, தலைமையாசிரியர் அதாவுல்லாவுடைய மச்சான் மகனின் கை.

"மக்கீன், ஆள ஆள் தொடுற விளையாட்டு இனி இந்தப் பள்ளிக்கூடத்தில இல்ல," என்றார் அதாவுல்லா. "தொடாத விளையாட்டு ஒண்டு பழக்குங்க. வாற மாசம் நான் வந்து பாப்பன். ஒரு பொடியன் இன்னொரு பொடியன்ல கை வெச்சானெண்டா, வியாழக்கிழமையும் கணக்குப் பாடம்தான். நீங்கதான் படிப்பிக்கணும்."

கணக்குப் பாடத்தில் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். மக்கீன் மாஸ்டருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் கரப்பந்து நினைவுக்கு வந்தது. நடுவில் பழைய மீன்வலை ஒன்றைக் கட்டி, பக்கத்துக்கு ஆறு பேரை நிறுத்தினார்.

"பந்தை மட்டும் தொடலாம்," என்றார்.

சடுகுடுவில் பேர்போன ஜெமீல் கையை உயர்த்தினான். "அப்ப ஆரப் புடிக்கிற, சேர்?"

"ஆரையும் புடிக்கிறல்ல."

"புடிக்காம எப்பிடி சேர் வெல்லுற?"

மக்கீன் மாஸ்டர் யோசித்தார். வலையை முகர்ந்து பார்க்க வந்த பூனை சலித்துப்போய்த் திரும்பியது. அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் பொறுக்கமுடியாமல் தாங்களே ஆட்டத்தைத் தொடங்கினார்கள். முதல் பந்து வலையைத் தாண்டியதும் ஜெமீல் வலைக்கு அடியால் புகுந்து, அந்தப் பக்கத்துப் பையன் ஒருவனின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

"வெண்டாச்சி, சேர்!"

பழகிய கை சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. கடைசியில் ஜெமீலே ஒரு வழி கொண்டுவந்தான். அவனுடைய வாப்பாவுக்கு மருதமுனையில் தறி இருந்தது. அங்கிருந்து ஒரு சிரட்டை நீலச் சாயத்தை எடுத்து வந்து தேங்காயெண்ணெயில் குழைத்தான்.

"இதக் கையில பூசினா, ஆர் ஆரத் தொட்டாலும் பெனியன்ல புடிச்சிரும். வாப்பாட சாயம் சேர், சாரன் கிழிஞ்சாலும் சாயம் போகா."

ஒரு மாதம் பன்னிரண்டு பேரும் நீலக் கையோடு திரிந்தார்கள். பெனியனில் கறை பட்டவனுக்கு உம்மாவிடம் அடி. மாஸ்டரால் முடியாததை உம்மாமார் முடித்தார்கள். நான்காம் வாரம் பையன்கள் ஒருவனுக்கொருவன் ஒரு முழம் விலகித்தான் நடந்தார்கள். தலைமையாசிரியர் பார்க்க வரும் நாளுக்கென்று உம்மாமார் எல்லாருக்கும் புதுப் பெனியன் வாங்கிக் கொடுத்தார்கள்.

பார்வை நாளில் அதாவுல்லா சலவை வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சாரனும் துருக்கித் தொப்பியுமாக வந்து கதிரையில் உட்கார்ந்தார். முதலில் கொட்டாவி விட்டார். பிறகு நிமிர்ந்தார். பிறகு, "அடிடா! உசத்தி அடி!" என்றார். அதன்பின் அவருடைய செருப்பு இரண்டும் கழன்று கிடந்ததை மக்கீன் மாஸ்டர் மட்டும் கவனித்தார்.

இரண்டு பக்கமும் சரிசமம். கடைசிப் பந்து தவறிப்போய்க் கதிரைக்கு முன்னால் சுண்ணாம்புக் கோட்டுக்கு மேலே உயர்ந்தது. அதாவுல்லா எழும்பினார். சாரனைச் சொருகிக்கொண்டு, பந்தைப் பார்த்தபடியே ஓடி, கோட்டைத் தாண்டி உள்ளே வந்தார்.

ஜெமீலின் பக்கத்து ஆறு பேரும் பார்த்தார்கள். தனியாக ஒரு ஆள், கோட்டைத் தாண்டி, தங்கள் எல்லைக்குள்.

"புடி!" என்றான் ஜெமீல்.

பந்து எங்கேயோ விழுந்தது. தொப்பி உருண்டது. ஆறு பேருக்கு அடியில் தலைமையாசிரியர் காணாமல் போனார். மக்கீன் மாஸ்டரின் வாயில் விசில் இருந்தது, ஊதக் காற்று இல்லை. கணக்குப் பாடத்தின் முதல் கேள்வி அவர் காதில் கேட்கவே தொடங்கிவிட்டது.

அப்போது குவியலுக்கு அடியிலிருந்து மெல்லிய சத்தம் ஒன்று வந்தது.

"சடுகுடு... சடுகுடு... சடுகுடு..."

குவியல் நகர்ந்தது. அங்குலம் அங்குலமாக ஆறு பேரையும் இழுத்துக்கொண்டு ஒரு கை வெளியே நீண்டு சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டது.

அதாவுல்லா எழும்பினார். சட்டையில் முன்னுக்கும் பின்னுக்கும் பன்னிரண்டு நீலக் கைகள்.

"மக்கீன், இது என்ன?"

இந்த முறை மீன் வாங்க நேரம் இருக்கவில்லை. "சேர், பொடியன் பொடியன்ல கை வெச்சாத்தான் குற்றம் எண்டீங்க. பெனியன்களப் பாருங்க."

பன்னிரண்டு பெனியனும் வெள்ளை வெளேரென்றிருந்தன. அவரைப் பிடித்த அவசரத்திலும் அந்த ஆறு பேரும் ஒருவன் மேல் ஒருவன் கை வைக்கவில்லை.

அதாவுல்லா பெனியன்களைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். பிறகு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "அது கிடக்கட்டும். நான் மூச்சு விட்டனா?"

விட்டிருந்தார். நடுவில் ஒருமுறை "அல்லாஹ், எண்ட முழங்கால்" என்று சொன்னது தெளிவாகவே கேட்டது. மக்கீன் மாஸ்டர் யோசித்தார். பூனை வந்து தொப்பிக்குள் உட்கார்ந்தது.

"கடல் இரைச்சல்ல சரியாக் கேக்கல்ல, சேர்," என்றார் கடைசியில். "கோட்டத் தொட்டதக் கண்டன்."

"அப்ப வெற்றி எனக்குத்தான்!" அதாவுல்லா பூனையைத் தூக்கி வைத்துவிட்டுத் தொப்பியை எடுத்தார். "நல்ல விளையாட்டு, மக்கீன். நடக்கட்டும்."

ஜெமீலுடைய வாப்பாவின் சாயம் உண்மையாகவே போகவில்லை. அடுத்த வியாழக்கிழமை அதே நீலக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அதாவுல்லா மைதானத்துக்கு வந்தார். செருப்பை வகுப்பறையிலேயே கழற்றி வைத்திருந்தார்.