அக்காவுக்கு ஒரு லேஸ் கை

பஸ் டிப்போவில் அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நூல்கண்டு என்றால்தான் திரும்பிப் பார்ப்பான். சிகரெட்டை விட்ட புதிதில், கடைசி நிறுத்தத்தில் வண்டியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரமெல்லாம் கை சும்மா இருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. போனில் எதையோ தேடப் போய், மூக்கு வளைந்த ஊசி ஒன்றை வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் வெறும் நூலைத் துணியாக்குவதைப் பார்த்தான். மறுநாளே ஒரு குரோஷா ஊசியும் ஒரு கண்டு நூலும் வாங்கி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். அப்புறம் சிகரெட்டை நினைக்க அவனுக்கு நேரமே இல்லாமல் போயிற்று.

கூட வேலை பார்ப்பவர்கள் விடுவார்களா. "நூல்கண்டு, எனக்கும் ஒரு சட்டை பின்னிக் குடேன்" என்பார்கள். "உன் தொப்பையைச் சுத்தி வரணும்னா நூல் மில்லையே விலைக்கு வாங்கணும்" என்று இவனும் சளைக்காமல் திருப்பிக் கொடுப்பான். உண்மையில் சட்டை என்று எதையும் அவன் பின்னியதில்லை. கழுத்துத் துண்டு, குஷன் உறை, மேஜை விரிப்பு என்று நான்கு மூலை உள்ள சாமான்களோடு அவன் வித்தை நின்றுபோயிருந்தது. கை வைத்த உடுப்பின் பக்கமே அவன் போனதில்லை.

அவனுடைய அக்கா ஒரு சேர்ந்திசைக் குழுவை நடத்தி வந்தாள். கடை வைத்திருப்பவர்கள், நர்ஸுகள், வாத்தியார்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று பலரும் வேலை முடிந்த கையோடு வந்து கூடிப் பாடுவார்கள். அக்கா அவர்களுக்கு எதிரே நின்று இரண்டு கைகளாலும் பாட்டை இழுத்துக்கொண்டு போவாள். சபைக்கு அவள் முகம் தெரியாது, முதுகும் கைகளும்தான். "அந்தக் கையைப் பார்க்கறதுக்குன்னே ஆள் வருது" என்று அத்தான் சொல்வார். கட்டின புருஷன் பேச்சு என்று பாதியைக் கழித்துவிட்டாலும் மீதி உண்மைதான்.

போன வருஷம் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. நல்ல வேளையாகச் சீக்கிரமே கண்டுபிடித்து ஆபரேஷன் செய்தார்கள். கட்டி போயிற்று, உயிர் தங்கியது. ஆனால் அக்குளில் இருந்த சுரப்பிகளையும் சேர்த்து எடுத்ததில் வலது கையில் நீர் கோத்துக்கொண்டது. மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் தோல் நிறத்தில் இறுக்கமான மருத்துவ உறை ஒன்றை அவள் பகலெல்லாம் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. "கையைத் தூக்குங்க, ஆட்டுங்க, பழையபடி பாட்டு நடத்துங்க, நல்லதுதான்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காதான் போகவில்லை. குழுவுக்குப் பியானோ வாசிக்கும் அம்மாள் தற்சமயத்துக்கு நடத்திக்கொண்டிருந்தாள். யாராவது கேட்டால், "கொஞ்ச நாள் போகட்டும்" என்று அக்கா பேச்சை மாற்றிவிடுவாள்.

நகர மண்டபத்தில் பெரிய கச்சேரி வருகிறது என்று தெரிந்த வாரம் நூல்கண்டு அக்கா வீட்டுக்குப் போனான். கதவு திறந்தே கிடந்தது. படுக்கையறையில் அக்கா கட்டில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவளுடைய மேடைக் கறுப்புக் கோட்டின் வலது கை முழங்கைக்கு மேல் ஏறாமலும் கீழே இறங்காமலும் சிக்கிக்கொண்டிருந்தது. அத்தான் கத்தரிக்கோலால் அதை வெட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தான், தையல் கடை திறந்துட்டீங்களா" என்றான் இவன், சூழ்நிலை புரியாமல்.

இருவரும் சிரிக்கவில்லை. வெட்டுப்பட்ட துணி தரையில் விழுந்தது. அக்கா கையைத் தடவிவிட்டுக்கொண்டாள்.

"மண்டபம் முழுக்கப் பின்னாலிருந்து பார்ப்பாங்கடா" என்றாள். "ஒரு கை கையாட்டம் இருக்கும், இன்னொண்ணு தலகாணியாட்டம் இருக்கும். பாட்டை யார் கேப்பாங்க. நான் போகலை. பியானோக்கார அம்மாவே நடத்தட்டும்."

"நான் பின்னித் தர்றேன்" என்றான். வாய் முந்திக்கொண்டுவிட்டது.

"என்னத்த?"

"நீ போட்டுக்கற மாதிரி ஒண்ணு."

"உனக்கு மேஜை விரிப்புதானேடா வரும்."

"மேஜைக்குக் கை இல்லை. இருந்திருந்தா அதையும் பின்னியிருப்பேன்."

அக்காவின் உதட்டோரம் லேசாக அசைந்தது. அது போதும் என்று அவன் வீட்டுக்குத் திரும்பினான். வழியெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டான்.

மனைவியோடு உட்கார்ந்து யோசித்தபோதுதான் வேலையின் கனம் தெரிந்தது. தலைவழியாக மாட்டுகிற உடுப்பு ஆகாது, அக்காவால் கையை அப்படி நுழைக்க முடியாது. ஆகவே முன்பக்கம் திறந்த ஸ்வெட்டர், கார்டிகன். பொத்தானுக்குப் பதிலாக, முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றை மடித்து இடுப்பில் நாடா கட்டிக்கொள்வது. தோளுக்குப் பாரம் கூடாது, ஆகவே ஊதினால் பறக்கிற மாதிரி மெல்லிய நூல். கைகள் லேஸ் பின்னலாக இருக்க வேண்டும். லேஸ் என்றால் இழுத்த இழுப்புக்கு வரும், காற்றும் போகும். ஓட்டை வழியாக உறை தெரிந்தாலும் தோல் நிறம்தானே, பார்க்கிறவர் கண் பின்னலின் மேல்தான் நிற்கும். நிறத்தை மனைவி தேர்ந்தெடுத்தாள். மயில் கழுத்து நீலம்.

"அண்ணி எப்பவும் கறுப்புலயே நின்னாச்சு" என்றாள். "இந்தத் தடவை எல்லாரும் பார்க்கட்டும்."

உடம்புப் பகுதி சிரமமில்லாமல் வளர்ந்தது. முதுகு ஒரு சதுரம், முன்பக்கம் இரண்டு சாய்வுத் துண்டுகள். சாய்வுக்காக ஒவ்வொரு வரிசையிலும் ஓரத்தில் ஒரு கண்ணியை, ஒரு நூல் வளையத்தை, பின்னாமல் விட்டுக்கொண்டே வந்தான். கைகளுக்கு விசிறி விசிறியாக விரிகிற பின்னலைப் பிடித்தான். கடைசி நிறுத்தத்தில் பயணிகள் ஏறி உட்கார்ந்து, "டிரைவர், அந்த விசிறியை முடிச்சுட்டே கிளம்புங்க, பரவாயில்லை" என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது.

இரண்டு கைகளையும் அச்சு அசலாக ஒரே மாதிரி பின்னி, உடம்போடு சேர்த்து, பெருமை பொங்க அக்காவிடம் எடுத்துப்போனான். இடது கை வழுக்கிக்கொண்டு போயிற்று. வலது கை உறைமேல் ஏறி, முழங்கையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. விசிறிகள் இழுபட்டு வெறும் கம்பி வலை மாதிரி ஆகிவிட்டன.

அக்கா கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பான். அவள் மெதுவாகக் கழற்றி மடித்து அவன் மடியில் வைத்தாள். "ரெண்டு கையும் ஒண்ணுன்னு நினைச்சுட்டியேடா" என்றாள். "நானும் தூங்கி எழுந்திரிக்கறப்போ அப்படித்தான் நினைச்சுக்கறேன்."

குரோஷாவில் ஒரு சௌகரியம் உண்டு. கடைசிக் கண்ணியை விடுவித்து நூலை இழுத்தால் போதும், எவ்வளவு உழைப்பும் சரசரவென்று நூலாகிவிடும். வலது கையை அவன் அன்றே பிரித்தான். இந்த முறை அளவு எடுத்தான். ஆஸ்பத்திரியில் அளந்து அளந்து அக்காவுக்கு இன்ச் டேப்பைக் கண்டாலே ஆகாமல் போயிருந்தது. ஆகவே நூலையே கையில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டான். அதுவும் சாயங்காலமாகப் பார்த்து, வீக்கம் கூடியிருக்கும் நேரத்தில்.

அகலம் வேண்டுமே என்று வலது கையில் கூடுதலாக விசிறிகள் சேர்த்தான். அளவு சரியாக வந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த மனைவி உதட்டைப் பிதுக்கினாள்.

"இதுல விசிறி நெருக்கமா இருக்குங்க. தூரத்துலருந்தே இந்தக் கைதான்னு காட்டிக் குடுத்துடும். அதுக்கு அண்ணி அந்த வெட்டின கோட்டையே போட்டுக்கலாம்."

அதையும் பிரித்தான். கச்சேரி நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் கடைசி நிறுத்தத்தில் எரிச்சலோடு மறுபடி ஆரம்பித்து, கொஞ்ச தூரம் போனதும் ஏதோ கோளாறு என்று தூக்கிப் பார்த்தான். அதே விசிறிகள், அதே எண்ணிக்கை, ஆனால் துண்டு அகலமாக இருந்தது. கையில் இருந்தது வழக்கமான ஊசி இல்லை. பையிலிருந்து அவசரத்தில் தடித்த ஊசியை எடுத்துவிட்டிருந்தான்.

சனியனே என்று சொல்ல வாயெடுத்தவன் அப்படியே நின்றான். ஊசி தடித்தால் கண்ணி பெரிதாகிறது. கண்ணி பெரிதானால் விசிறி பெரிதாகிறது. ஆனால் விசிறி விசிறிதான். இரண்டு கைகளுக்கும் ஒரே பின்னல், ஒரே கணக்கு. இடதுக்கு மெல்லிய ஊசி, வலதுக்குத் தடித்த ஊசி. சபையில் எவன் வந்து கண்ணியின் அகலத்தைப் பார்க்கப் போகிறான். அன்று மாலை வரை அவன் ஓட்டிய வண்டி நிறுத்தத்துக்கு நிறுத்தம் பூப்போல நின்றதாக ஒரு பயணி பிறகு சொன்னார்.

இன்னும் ஒரு வினை பாக்கி இருந்தது. பாட்டு நடத்துகிறவள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டா நிற்பாள். அதைச் சோதிக்க டிப்போ ஓய்வறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கார்டிகனைத் தானே போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் தூக்கினான். உடுப்பு மொத்தமும் மேலே ஏறி, நாடா இடுப்பிலிருந்து நெஞ்சுக்கு வந்துவிட்டது. மறுபடி தூக்கினான். அப்போது கதவு திறந்தது.

மெக்கானிக் நின்றார், அவருக்குப் பின்னால் அரை டிப்போ நின்றது. மயில் கழுத்து நீலத்தில், லேஸ் கைகளோடு, கூரையைப் பார்த்துக் கையை விரித்துக்கொண்டு நூல்கண்டு.

"ஒண்ணுமில்லை" என்றான்.

"ஒண்ணுமில்லாததுக்கே இவ்வளவு அழகா" என்றார் மெக்கானிக். எல்லோரும் சிரித்து ஓய்ந்தபின் அவர் கிட்டே வந்து அக்குள் பக்கம் துணியைக் கிள்ளிப் பார்த்தார். "என்னப்பா பிரச்சினை?"

சொன்னான். மெக்கானிக் ஜன்னல் வழியாக வெளியே நின்ற, இரண்டு வண்டியை ஒட்டின மாதிரியான நீட்டு பஸ்ஸைக் காட்டினார். "அதோட நடுவுல மடிப்பு ரப்பர் இருக்கே, அது எதுக்கு? அது இல்லாம திருப்பினா முன் பாதி பின் பாதியைப் பிடுங்கிக்கிட்டுப் போயிடும். உனக்கு அங்க மடிப்பு இல்லை. அக்குள்ல கொஞ்சம் உபரி விடு."

இரண்டு அக்குள்களிலும் பட்டம் மாதிரி ஒரு துண்டு பின்னிச் சேர்த்தான். கையைத் தூக்கினால் அது விரிந்து கொடுத்தது, உடம்பு இடத்தைவிட்டு நகரவில்லை. இந்த முறை ஓய்வறையில் கூட்டம் கூட்டி வைத்துக்கொண்டே சோதித்தான். ஒருவர் விசில் அடித்தார். அவன் குனிந்து வணங்கினான்.

அக்கா போட்டுப் பார்த்தபோது அறையில் அத்தானும் நூல்கண்டின் மனைவியும் இருந்தார்கள். இடது கை போயிற்று. வலது கையும் போயிற்று. மடித்தாள், நாடாவைக் கட்டினாள். கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கைகளைத் தூக்கினாள். மெதுவாக, தோள்வரை, அப்புறம் தோளுக்கு மேலே. எதிரே நாற்பது பேர் நிற்பதுபோல இடது விரலால் யாரையோ அழைத்தாள், வலது கையால் யாரையோ அடக்கினாள். அத்தான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார், வெளியே ஏதோ இருப்பது மாதிரி.

"போட்டிருக்கறதே தெரியலைடா" என்றாள் அக்கா. பிறகு போனை எடுத்துப் பியானோக்கார அம்மாளிடம், "நாளையிலிருந்து நான் வர்றேன். அந்த மூணாவது பாட்டை நீங்க ரொம்ப வேகமா எடுக்கறீங்களாம், காதுக்கு வந்தது" என்றாள். அவள் திரும்ப வந்துவிட்டாள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

கச்சேரி அன்று நூல்கண்டு மண்டபத்தின் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தான். டிப்போவிலிருந்து சீருடையோடு வந்தவர்கள் பின்னால் ஒரு வரிசையையே அடைத்திருந்தார்கள். குழு வரிசையாக ஏறியது. கடைசியில் அக்கா வந்தாள். கறுப்பு உடை அணிந்த கூட்டத்துக்கு எதிரே அந்த நீலம் விளக்கில் மின்னியது. முதல் பாட்டு முடியும்வரை அவன் பாட்டைக் கேட்கவே இல்லை. நாடாவையும் அக்குளையும் வலது முழங்கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். "மூச்சு விடுங்க" என்று மனைவி இடித்தாள்.

கடைசிப் பாட்டு தாழ்வாக ஆரம்பித்தது. அக்காவின் கைகள் இடுப்பளவில் தண்ணீரைத் தடவுவதுபோல அசைந்தன. பெண்கள் சேர்ந்தார்கள், பிறகு ஆண்கள். கைகள் ஏறின. விசிறிகள் விரிந்தன. குரல்கள் எல்லாம் ஒன்றாகி மண்டபம் அதிர்ந்தபோது அக்காவின் இரண்டு கைகளும் தலைக்கு மேலே முழுசாக நின்றன. வலதும் இடதும் ஒரே உயரத்தில், அசையாமல் நின்றன. அந்தக் கடைசி ஸ்வரத்தை அவள் விடவே இல்லை. பாடுகிறவர்களின் முகம் சிவந்தது. பின் வரிசையில் யாரோ எழுந்தே நின்றுவிட்டார்கள். பிறகு அக்கா விரல்களை மூடினாள். சத்தம் நின்றது.

கைதட்டல் எழுந்தபோது நூல்கண்டுக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு பார்த்தால் அக்கா சபையைப் பார்த்துத் திரும்பியிருந்தாள். அவள் எப்போதும் வணங்கியதுமே ஓடிவிடுகிறவள். அன்று நின்றாள், கைகளை அகல விரித்து, பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல.

வெளியே கூடத்தில் கூட்டம் அவளை மொய்த்துக்கொண்டது. பியானோக்கார அம்மாள் டீயைக் கொண்டுவந்து நீட்டி, "எந்தக் கைல குடுக்கறது, வீங்கின கை இதுவா அதுவா? எனக்கே மறந்துபோச்சு" என்றாள். அக்கா தம்பியைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள்.

அப்போது முன்பின் தெரியாத ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்து, தன் ஸ்வெட்டர் கையைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் காட்டினாள். உள்ளே அதே தோல் நிற உறை. "எனக்கு இடது" என்றாள். "இதை எங்க வாங்கினீங்க?"

"வாங்கலை. இதோ நிக்கறான், என் தம்பி" என்று அக்கா அவனை முழங்கையால் முன்னே தள்ளினாள். "நல்லாப் பின்னுவான். ஆனா வரிசைல எனக்குப் பின்னாடிதான். எனக்கு இன்னொண்ணு வேணும், சிவப்புல."

அவன் சிரித்தபடி தலையை மட்டும் ஆட்டினான். அதற்குள் குழுவில் யாரோ உற்சாகம் தாங்காமல் கடைசிப் பாட்டை மறுபடி எடுத்துவிட்டார்கள். ஆளுக்கொரு மூலையில் நின்றபடியே எல்லோரும் பாட ஆரம்பிக்க, அது தாளம் கெட்டு நாலு பக்கமும் இழுத்துக்கொண்டு போயிற்று. அக்காவால் பொறுக்க முடியவில்லை. "இதைப் பிடிடா" என்று டீயை அவன் கையில் திணித்துவிட்டு, மாடிப்படியில் ஏறி நின்று இரண்டு கைகளையும் தூக்கினாள்.