ஆணி அடித்த சுவர்

ராமலிங்கம் தன் வீட்டின் பெருமைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தபோது ஷர்மிளா சுவரில் இருந்த ஆணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முருகன் படத்துக்கு ஒன்று, காலண்டருக்கு ஒன்று, சாவிக்கொத்துக்கு, குடைக்கு, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பைகளுக்கு என்று ஹால் முழுக்க ஆணி. சமையலறையில் சுவரைத் துளைத்து, இரும்புத் தாங்கி வைத்து, நீளமாகப் பலகையே போட்டிருந்தார்கள். அங்கே குடியிருக்கும் சம்பூர்ணம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள். விற்கிறவரும் வாங்குகிறவர்களும் பேசிக்கொள்ளட்டும், நமக்கென்ன என்று ஒதுங்கி நிற்பவளைப் போலத் தெரியவில்லை. ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இவங்க வாடகைக்குத்தான் இருக்காங்க. பத்திரம் ரிஜிஸ்டர் ஆன மறுநாளே காலி பண்ணிடுவாங்க. இன்னாம்மா?" என்றார் ராமலிங்கம்.

சம்பூர்ணம் தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு ராமலிங்கத்தின் முகத்தைப் பார்த்தாள். ஆட்டியது சரிதானா என்று கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் நிற்பவள் ஷர்மிளா. எதையும் திருப்பிப் போட்டு அடியில் பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது என்று கணவன் ஜான்சன் கேலி செய்வான். ஆனால் ஆணி விஷயம் வேலையில் கற்றதல்ல, பட்டுத் தெரிந்துகொண்டது. கல்யாணமான புதிதிலிருந்து அவர்கள் மாறாத வாடகை வீடில்லை. எந்த வீட்டுக்காரரும் முதலில் சொல்வது, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பதுதான். ஒரு வீட்டில் ஏசுநாதர் படத்தை வருஷக்கணக்கில் பீரோமேல் சாய்த்து வைத்திருந்தார்கள். கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினால் அவர் குப்புற விழுவார்.

பிறகு நகைகளை விற்று, சீட்டை எடுத்து, வஹீதாவின் மாடி வீட்டைப் போக்கியத்துக்குப் பிடித்தார்கள். மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது தொகை அப்படியே கைக்கு வரும். குடிபோன அன்றே ஜான்சன் சுத்தியல் வாங்கிவந்தான். ஏசுநாதருக்கு அடித்து, கடிகாரத்துக்கு அடித்து, மாட்ட எதுவும் இல்லாத இடத்திலும் ஒன்று அடித்தான். போக்கியக்காரனுக்கு அந்த உரிமை உண்டு. வாடகைக்காரன் அடிக்க மாட்டான், அடிக்க விடவும் மாட்டார்கள்.

"வாடகைன்னு சொல்றது பொய்யி. வாடகைக்காரன் வீட்ல ஆணி இருக்காது," என்றாள், திரும்பி வரும்போது வண்டியின் பின்னாலிருந்து.

"வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்ல. பேங்க் வக்கீலும் ஓகேன்னுட்டாரு. உனக்கு மட்டும் இன்னா பேஜாரு?" என்றான் ஜான்சன்.

"நாம போக்கியத்துல இருக்கோமே, அது வில்லங்கத்துல தெரியுமா?"

போக்கியம் வில்லங்கத்தில் தெரியாது. ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டதோடு சரி, யாரும் அதைப் பதிவு செய்வதில்லை. ராமலிங்கம் விற்ற பணத்தைச் சுருட்டிக்கொண்டு சம்பூர்ணத்துக்குப் பட்டை நாமம் போட்டால், தன் காசு வராமல் அவள் அந்த வீட்டைவிட்டு நகரப் போவதில்லை. பேங்க்காரனோ மாதம் பிறந்தால் ஜான்சனின் கணக்கில் தவணையைப் பிடித்துவிடுவான். கடன் கட்டுவது நாம், குடியிருப்பது அவள் என்று ஆகிவிடும்.

சனிக்கிழமை கம்பெனி பஸ்ஸிலிருந்து ரயில்வே கேட்டருகே இறங்கி அவள் மட்டும் அந்த வீட்டுக்குப் போனாள். அலமாரி அளவு எடுக்க வந்ததாகச் சொன்னாள். சம்பூர்ணம் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அளக்க டேப் எங்கே என்று அவள் கேட்கவில்லை.

"வாடகை எவ்ளோக்கா இந்த வீட்டுக்கு?"

சம்பூர்ணம் ஷர்மிளாவை நன்றாக ஏறிட்டுப் பார்த்தாள். அவசரமே இல்லாமல் சொன்னாள்: "அவருதான் குடுப்பாரு. எனக்குத் தெரியாது."

குடியிருக்கும் வீட்டுக்கு என்ன வாடகை என்று தெரியாத பெண் இந்த ஆம்பூரில் உண்டா? நல்ல நடிப்பு என்று ஷர்மிளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராமலிங்கத்தோடு சேர்ந்துகொண்டு ஒன்றும் தெரியாத பாப்பா வேஷம் போடுகிறாள்.

"போக்கியமாக்கா?" என்று நேராகவே கேட்டாள்.

"தண்ணி குடிக்கிறியாம்மா?" என்று சம்பூர்ணம் உள்ளே போனாள். சொம்பைக் கொடுத்தபோது, "எப்ப ரிஜிஸ்டர் பண்றீங்க?" என்று மட்டும் மெல்லக் கேட்டாள்.

அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம் என்று ஷர்மிளா வீட்டில் ஒற்றைக்காலில் நின்றாள். ஜான்சன் கத்திப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். இரண்டும் பலிக்காமல் சாப்பாட்டை வைத்துவிட்டுப் படுத்தான். அது போதாதென்று மறுநாள் காலையில் வஹீதா மாடிப்படி ஏறி வந்தாள்.

வஹீதா பொல்லாதவள் இல்லை. ஆணி அடிக்கிறேன் என்று ஜான்சன் தண்ணீர்க் குழாயைத் துளைத்து வீட்டையே மிதக்கவிட்டபோதுகூட முகம் சுளிக்காதவள். இவர்கள் வீடு வாங்கப்போகிறோம், போக்கியப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டதிலிருந்து அவளுக்கும் நிம்மதி இல்லை. வாங்கிய பணம் மகளின் கல்யாணத்தில் கரைந்துபோயிருந்தது. அதனால் வீட்டையே விற்க ஏற்பாடு செய்திருந்தாள். வாங்குகிறவர்கள் பேங்க் லோன் போடுகிறார்கள், இன்று வீடு பார்க்க வருகிறார்கள் என்றாள்.

"வாடகைக்கு இருக்கோம்னு சொல்லிடு ஷர்மிளா. போக்கியம்னு தெரிஞ்சா லோன் குடுக்க மாட்டாங்க. லோன் வரலன்னா உன் பணத்த நான் எங்கேந்து கொண்டு வர்றது?"

"ரிஜிஸ்டர் ஆனா குடுத்துடுவீங்களாக்கா?"

"அன்னிக்கே குடுத்துர்றேன். அல்லா மேல ஆணை."

நல்லவள்தான். ஆனால் பணம் கைக்கு வந்த பிறகும் நல்லவளாகவே இருப்பாளா? கல்யாணம் பண்ணிக்கொடுத்த இடத்தில் கேட்டால், வேறு கடன்காரன் முந்திக்கொண்டால்? இவ்வளவு நாள் ஒரே கூரையின் கீழ் இருந்தவளைப் பற்றி இப்படி நினைப்பது ஷர்மிளாவுக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவர்கள் சம்பாதித்ததெல்லாம் அந்த ஒரு தொகைதான். அது வராவிட்டால் ராமலிங்கத்தின் வீடும் இல்லை, இந்த வீடும் இல்லை. திரும்பவும் ஏசுநாதர் பீரோமேல்தான்.

வஹீதா இறங்கிப் போனதும் ஜான்சன் எழுந்து கட்டிலுக்கடியிலிருந்து சுத்தியலை எடுத்தான். கடிகாரத்தைக் கழற்றினான். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தான்.

"இன்னா பண்றீங்க?"

"நீதான சொன்ன, வாடகைக்காரன் வீட்ல ஆணி இருக்காதுன்னு. வர்றவங்க வீட்லயும் உன்ன மாதிரி ஒருத்தி இருந்தா?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஓட்டைகளில் பற்பசையைப் பிதுக்கி, விரலால் வழித்து, சுவரோடு சுவராக்கினான். படங்களெல்லாம் கட்டில்மேல் குவிந்து கிடந்தன. வாடகை எவ்வளவு என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு தொகையையும் முடிவு செய்து, பிள்ளைக்குச் சொல்லித்தருவதுபோல அவளிடம் சொல்லிவைத்தான்.

வந்தவர்கள் சூரியபிரகாஷ், ஜோதி என்று வஹீதா அறிமுகப்படுத்தினாள். குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம். சூரியபிரகாஷ் ஜான்சனோடு மொட்டை மாடிக்குத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போனான். வஹீதாவும் பின்னாலேயே ஏறினாள். ஜோதி போகவில்லை. ஹாலில் நின்று மெல்ல ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். படங்கள் இருந்த இடங்களில் சுவர் சதுரம் சதுரமாக வெளுத்துக் கிடந்தது. அதை ஜான்சனும் யோசிக்கவில்லை, ஷர்மிளாவும் யோசிக்கவில்லை.

"வாடகை எவ்ளோங்க்கா குடுக்குறீங்க?" என்றாள் ஜோதி.

ஜான்சன் சொல்லிக்கொடுத்த தொகை நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் முடிந்தது. ஜோதியின் முகத்தைப் பார்த்தாள். தூக்கம் கெட்ட முகம். கணவனோடு சண்டை போட்டுவிட்டு வந்தவள்போல உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அவருதான் குடுப்பாரு. எனக்குத் தெரியாது," என்றாள் ஷர்மிளா.

சொன்ன பிறகுதான் அது யாருடைய பதில் என்று அவளுக்கு உறைத்தது. அந்தச் சனிக்கிழமை சம்பூர்ணம் தன்னை ஏறிட்டுப் பார்த்த பார்வையும், அவசரமில்லாமல் சொன்ன விதமும் கண்முன் வந்தன. அது நடிப்பு இல்லையோ? வாய் திறந்து சொல்ல முடியாத ஒருத்தி, புரிந்துகொள்கிறவள் புரிந்துகொள்ளட்டும் என்று தன்னால் ஆனதைச் சொல்லியிருக்கிறாளோ?

ஜோதி வெளுத்திருந்த பெரிய சதுரத்தின் பக்கம் போனாள். அதன் உச்சியில் விரலை வைத்துத் தடவினாள். பற்பசை இன்னும் காயவில்லை. விரல் நுனியில் வெள்ளையாக ஒட்டியதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டு, ஷர்மிளாவின் பக்கம் திரும்பினாள். மாடிப்படியில் ஆட்கள் இறங்கும் செருப்புச் சத்தம் கேட்டது.