மாற்றிய பூட்டு

என் அப்பா ஜெபிக்க ஆரம்பித்தால் தெருமுனை வரை கேட்கும். கடவுளுக்குக் காது மந்தம் என்று யார் அவருக்குச் சொன்னார்களோ!

பூட்டு ரிப்பேர் அவர் தொழில். வெள்ளிக்கிழமை மாலையானால் கடையைச் சாத்திவிட்டு, சபைக்காரர்களை எங்கள் முன்னறையில் கூட்டி, வீட்டைவிட்டுப் போன என் அண்ணனுக்காகக் கண்ணீர் வடிப்பார். "பிரதர் எப்படி விடாம ஜெபிக்கிறாரு பாருங்க" என்று எல்லோரும் மெச்சுவார்கள்.

அண்ணன் தானாக எங்கே போனான்? விரட்டப்பட்டான். "நீங்க கடவுள்கிட்ட பேசலப்பா, பக்கத்து வீட்டுக்குக் கேக்கணும்னு பேசுறீங்க" என்று சொன்னதுதான் அவன் செய்த ஒரே பாவம். பழைய சாவி அவனிடம் இருந்ததால் மறுநாளே அப்பா வாசல் பூட்டை மாற்றிவிட்டார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டும் வித்தையை அவரிடம்தான் கற்க வேண்டும்.

அம்மா ஜெபித்து நான் கேட்டதே இல்லை. பாத்திரம் கழுவும்போது உதடு மட்டும் அசையும்.

"என்னம்மா கேக்குற?" என்றேன் ஒருநாள்.

"புள்ள வரணும்னுதான். எனக்குக் கேக்க வேற என்ன இருக்கு?"

போன வெள்ளிக்கிழமை, "ஆண்டவரே, என் மகனை இந்த வாசலுக்குக் கொண்டுவாரும்!" என்று அப்பா முழங்கிக்கொண்டிருந்தபோது வாசல் பூட்டில் சாவி நுழையும் சத்தம் கேட்டது. உள்ளே போன சாவி திரும்பவில்லை. மறுபடியும் முயன்றது.

எனக்கே கேட்டது, பூட்டோடு பிழைக்கிறவருக்குக் கேட்காதா? ஒரு கணம் அவர் வாய் நின்றது. பிறகு முன்னைவிட உரக்கக் கத்தினார். ஆவி இறங்கிவிட்டதென்று சபை கைதட்டியது. நான் எழுந்தேன். மூடியிருந்த கண்களில் ஒன்றைத் திறந்து என்னை முறைத்தார். உட்கார்ந்துவிட்டேன்.

சாவிச் சத்தம் நின்றது. அம்மா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து, முழங்காலிட்டிருந்தவர்களை விலக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"இன்னும் ஆமென் சொல்லல!" என்றார் அப்பா.

"நான் சொல்லிட்டேன்" என்று கதவைத் திறந்தாள். படியிறங்கிக்கொண்டிருந்தவனிடம், "நில்லுடா!" என்றாள்.

உள்ளே வந்த அண்ணனைப் பார்த்ததும் சபை அல்லேலூயா பாடியது. "பிரதர், உங்க ஜெபத்துக்குப் பதில் வந்துடுச்சு!" என்றார்கள். அப்பாவும் வெட்கமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பூட்ட மாத்தினது நீங்கதானே" என்றாள் அம்மா, எல்லோருக்கும் கேட்கும்படி. "புதுச் சாவிய அவன்கிட்ட குடுங்க."

அப்பாவின் கை சட்டைப்பைக்குப் போகவே இல்லை. அம்மாவே அதிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள்.