ப்ராக்ஸியில் வந்தவன்

ஸ்டூடியோவில் இருந்த கம்ப்யூட்டர் பழசு. கேமராக்காரன் கொண்டுவந்து கொட்டுகிற ஹெச்.டி. காட்சிகளை நேராக அதில் ஏற்றினால் மூச்சு முட்டிப்போகும். திரையில் ஒருவன் கையைத் தூக்கி இறக்குவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அதனால் எந்த வேலை வந்தாலும், அங்கே எடிட்டிங் பார்க்கும் அவள் முதலில் ப்ராக்ஸி போட்டுவிடுவாள். ஒவ்வொரு காட்சிக்கும் எடை குறைந்த, மங்கலான ஒரு நகல். வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் நகலில். கடைசியில் அசலோடு இணைத்து, முழுப் படமாகக் கோத்தெடுக்க ஒரே ரெண்டர். இங்கே வருவதற்கு முன் சித்தாளாக இருந்தவள். முழு மூட்டையைத் தூக்கி இடுப்பை ஒடித்துக்கொள்வதைவிடச் சட்டி சட்டியாக அள்ளிப் போவது மேல் என்று அவளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இப்போது கையில் இருந்தது ஒரு கட்டடத்தின் படம். அஸ்திவாரம் தோண்டியதிலிருந்து கண்ணாடி மாட்டியதுவரை எடுத்த காட்சிகள். அந்தக் கட்டடத்தின் சாரத்திலிருந்து விழுந்துதான் அவள் புருஷன் செத்தான். முதலாளியிடம் அவள் அதைச் சொல்லவில்லை. சொன்னால் வேலையை வேறு கைக்கு மாற்றிவிடுவார். புருஷன் என்று அவளிடம் மிஞ்சியிருந்தது அடையாள அட்டைப் புகைப்படம் ஒன்றுதான். அதிலும் திருடனைப் பிடித்து நிறுத்தியதுபோல முறைத்துக்கொண்டிருப்பான். அவன் நடப்பதை, திரும்புவதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அதற்காகத்தான் மூலைமுடுக்கெல்லாம் துழாவிக்கொண்டிருந்தாள்.

அவனும் வந்தான். கம்பிகளுக்கு நடுவே, தலையில் சட்டியோடு, திரையின் ஓரமாக. முகம் கரைத்த மாவு. ஆனால் இடது தோளை இறக்கி, வலது காலை வீசிப் போடும் அந்த நடை வேறு யாருக்கு உண்டு?

ஓட்டினாள். திரும்ப ஓட்டினாள்.

"என்னக்கா, அந்த ஒரு ஷாட்டையே தேய்ச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றான் கேமராக்காரன்.

"எங்க வெட்டுறதுன்னு பாக்குறேன்."

"அதுல என்ன இருக்கு? தூக்கி எறிங்க."

"நீ எடுத்ததுதானப்பா?"

"நான் கட்டடத்ததான் எடுத்தேன். அந்தாளு குறுக்க வந்தான்."

அசலோடு இணைத்தால் முகம் தெரிந்துவிடும். ஒரு சொடுக்கு வேலை. அவள் செய்யவில்லை. அன்றும் மறுநாளும் சாப்பாட்டு டப்பாவைத் திரைக்கு எதிரே வைத்துத் தின்றாள். "குழாய் திரும்ப ஒழுகுது. வீட்டு ஓனரு வந்து எட்டிக்கூடப் பாக்கல," என்று முணுமுணுத்தாள். அவன் சட்டியைச் சுமந்துகொண்டு போனான். பேசினால் காதில் வாங்காத ஆள்தான் எப்போதும்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "ஏம்மா, கம்பெனி ஆளு டிஸ்க்க வாங்க வந்துட்டாரு. ரெண்டர் போட்டியா இல்லியா?"

"இதோ போடுறேன் சார்."

இணைத்தாள். கம்ப்யூட்டர் திணறியது. படம் ஒவ்வொன்றாக நகர்ந்தது. முதலில் கம்பியின் துரு தெரிந்தது. அடுத்து சட்டியின் நெளிசல். அப்புறம் முகம்.

நரைத்த அடர்ந்த மீசை. தாடையில் வெட்டுத் தழும்பு. கேமராவைக் கண்டதும் கூச்சத்தில் ஒரு சிரிப்பு. யாரோ.

நடையைப் பார்த்தாள். வலது முட்டியில் துணிக்கட்டு. அதனால்தான் காலை வீசியிருக்கிறான்.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுது சார்."

"வேலைன்னா உன்கிட்டதான் குடுக்கணும். கேமராக்காரா, பாத்துக் கத்துக்கடா. அந்த மங்கல் காப்பி எல்லாத்தையும் அழிச்சிடும்மா, இடத்த அடைச்சுக்கிட்டு இருக்கு." டிஸ்க்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேமராக்காரனும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

அவள் எல்லாவற்றையும் அழித்தாள், அந்த ஒன்றைத் தவிர. கதவைச் சாத்திவிட்டு வந்து ஓட்டினாள். அதே மங்கல்தான். அதே தோள், அதே கால். யாராக இருந்தால் என்ன, இதில் அவன்தானே? கண்ணைச் சுருக்கினாள். நாற்காலியைப் பின்னால் தள்ளித் தள்ளி, சுவரில் முதுகு முட்டும்வரை போய்ப் பார்த்தாள்.

மாவுக்குள்ளிருந்து மீசை வந்தது. தழும்பு வந்தது. எத்தனை தடவை ஓட்டினாலும் சிரித்தான் அந்த ஆள்.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். அதையும் அழித்தாள்.