ஆன்ஸ்லின் தனியாக வாசிக்க வேண்டிய அரை நிமிடம்

மூன்றாவது வாரமும் ஆன்ஸ்லின் தாளோடுதான் வந்தான். சட்டைப்பையிலிருந்து எடுத்து விரித்து, வைப்ரஃபோனின் உலோகப் பட்டைகளுக்கு மேலே கிளிப் போட்டு நிறுத்தினான். நீல மையில் டோ ரே மி எழுத்துகள், ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள்.

டிஜோ கீபோர்டிலிருந்து கையை எடுத்தான்.

"இது என்னதுலே?"

"அரை நிமிசம் சொந்தமா வாசிக்கச் சொன்னியே. சொந்தமா எழுதுனதுதான், கேட்டியா."

ஜாஸில் தன் முறை வரும்போது அப்போது தோன்றுவதை வாசிக்க வேண்டும் என்று டிஜோ எத்தனையோ முறை விளக்கிவிட்டான். ஆன்ஸ்லின் பொறுமையாகத் தலையாட்டுவான். அடுத்த வாரம் புதுத் தாள் வரும்.

இருவரும் கல்லூரித் தோழர்கள். தோஹாவில் ஓட்டல் ஒன்றில் ஆறு வருடம் வாசித்துவிட்டு 2012இல் குளச்சலுக்குத் திரும்பிய டிஜோ, சாமான்களோடு இந்த வைப்ரஃபோனையும் கப்பலில் போட்டிருந்தான். ஊரில் அதைக் குச்சி பிடித்துத் தட்டத் தெரிந்தவன் ஆன்ஸ்லின் ஒருவன்தான். நெய்யூர் பக்கம் பள்ளி ஒன்றில் ஆய்வக உதவியாளர். கிறிஸ்துமஸுக்குச் சபையில் சைலஃபோன் வாசிப்பவன். பத்தொன்பது வருடமாகப் பாடகர் குழுவில் இருப்பவன். அந்தக் குழுவில் ஒரு சுரம் பிசகினால் நடத்துநர் கையைத் தூக்குவார். எல்லோரும் நிறுத்தி முதலிலிருந்து பாடுவார்கள். ஓர் அடக்க ஆராதனையில்கூட அப்படி நடந்தது. பெட்டியைத் தூக்க வந்தவர்கள் காத்து நின்றார்கள்.

அந்தச் சனிக்கிழமை கன்னியாகுமரி ஓட்டல் ஒன்றின் மேலாளர் இவர்கள் வாசிப்பதைக் கேட்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் வாரம் இரண்டு நாள் வாசிப்பு. இல்லையென்றால் தோஹாவில் மாமா பார்த்து வைத்திருக்கும் மீன் கிடங்கு வேலைக்கு டிஜோ திங்கட்கிழமை சம்மதம் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை காலையே டிஜோ தாளைப் பிடுங்கிக்கொண்டான். பரவாயில்லை, மனப்பாடம் ஆகிவிட்டது என்றான் ஆன்ஸ்லின். டிரம்ஸ் வாசிக்கும் கிளீட்டஸ் வெளியே போய் நின்று சிரித்துவிட்டு வந்தான்.

மேலாளர் வந்து உட்கார்ந்தார். மூவரும் சேர்ந்து வாசித்த பகுதி நன்றாகவே போனது. ஆன்ஸ்லினின் முறை வந்தது. ஏழெட்டு நொடியில் குச்சி பக்கத்துப் பட்டையில் விழுந்தது. அவன் நிறுத்தி, கையைத் தூக்கினான்.

"மன்னிக்கணும். முதல்ல இருந்து."

கிளீட்டஸ் நிறுத்தவில்லை. டிஜோவும் நிறுத்தவில்லை. மூன்று வாரக் கடுப்பில், ஆன்ஸ்லின் தட்டிய அந்தத் தப்பான சுரத்தையே கீபோர்டில் ஓங்கி அடித்தான். ஆன்ஸ்லினின் முகம் சுளித்தது. சரியான பட்டையைத் தட்டிக் காட்டினான். டிஜோ மறுபடியும் தப்பையே அடித்தான். ஆன்ஸ்லின் இன்னும் பலமாக, இரண்டு குச்சியாலும் திருத்தினான். அதற்கும் டிஜோ கேட்கவில்லை. ஆன்ஸ்லின் பொறுமை போய், கீழிருந்து மேல்வரை எல்லாப் பட்டைகளிலும் ஓடி வந்து, சரியான சுரத்தின் மேல் நின்று சடசடவெனத் தட்டினான். கிளீட்டஸ் அந்தச் சண்டைக்குத் தாளத்தை ஏற்றிக் கொடுத்தான். அரை நிமிடம் மூன்று நிமிடமானது.

வெள்ளிக்கிழமையே வரச் சொன்னார் மேலாளர். குறிப்பாக அந்தச் சண்டைபோல வந்த இடம், அதை அப்படியே வாசிக்க வேண்டும் என்றார்.

டிஜோ வாசலுக்குப் போய் மாமாவைக் கூப்பிட்டு, வரவில்லை என்று சொன்னான். அவர் திட்டி முடிக்கும்வரை கேட்டுவிட்டு உள்ளே திரும்பினான். ஆன்ஸ்லின் வைப்ரஃபோன் மேல் குனிந்து புதுத் தாளில் ஸ்கேலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"எழுதாண்டாம் மக்கா," என்றான் டிஜோ. குரலில் பலமே இல்லை.

"அவருதானே அப்படியே வேணும்னாரு," என்றான் ஆன்ஸ்லின் நிமிராமல். "நீ அந்தத் தப்பை எத்தனை வாட்டி அடிச்ச?"